வானுயரப் பலூன் விடுவதும் ரேடியோ கொண்டு அதைத் தேடிப் பிடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நடுப்பகுதியில் குடியிருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். பலூன் விடுகிறவர்களுக்கு இந்தச் சமவெளி ஒரு வரம். நானும் சில நண்பர்களும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து பலூன் விடுவதைக் கேள்விப்பட்டு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் கல்லூரி மாணவர்களும் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு உரியது. தமிழ்நாட்டைப் பற்றித் தனியே ஒரு கேள்வி உண்டு.

இது எந்த மாதிரிப் பலூன்? எவ்வளவு உயரம் போகும்?

வானிலை நிலையங்கள் நாள்தோறும் விடுகிற அதே லேடெக்ஸ் பலூன்தான். காற்று நிரப்பாத பலூனின் எடையைச் சொல்லி, 600 கிராம் பலூன், 1,200 கிராம் பலூன் என்று விற்கிறார்கள். அதன் கழுத்தில் பாராசூட் தொங்கும். பாராசூட்டுக்குக் கீழே கயிற்றில் ஒன்றோ இரண்டோ தெர்மாகோல் பெட்டிகள் இருக்கும்.

30 கிலோமீட்டர் உயரம் என்பது சாதாரணமாக எட்டக்கூடியது. அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. சுற்றிலும் அழுத்தம் குறையக் குறைய பலூன் விரிந்துகொண்டே போகும். தரையில் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமாக இருந்த பலூன், மேலே 8 மீட்டர் குறுக்களவுக்கு ஊதிப்போய், அதற்குமேல் தாங்காமல் வெடிக்கும். பிறகு பாராசூட் பெட்டியைத் தரைக்குக் கொண்டுவரும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்க முக்கால் மணி நேரம்வரையும் ஆகும்.

பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல மூன்று மடங்கு இது. விண்வெளி என்று சொல்லிவிட முடியாது. அதன் எல்லையைப் பொதுவாக 100 கிலோமீட்டரில் வைக்கிறார்கள். ஆனால் பட்டப்பகலில் வானம் கறுத்து, அடிவானம் மெல்ல வளைந்து, காற்றுமண்டலம் ஒரு நீலக் கோடாகத் தெரியும் படம் உங்கள் கேமராவிலேயே பதிவாகும். என் மகள் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

திட்டத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இறங்கும் இடத்திலிருந்து. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தக் கேமரா, எத்தனை படம், எந்தக் கோணம் என்று கேட்கிறார்கள். பெட்டி கைக்குத் திரும்பாவிட்டால் படமும் இல்லை. அதைவிட வருத்தமானது, யாரோ ஒருவருடைய நிலத்தில் தெர்மாகோலையும் பேட்டரியையும் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் ஆகிவிடுகிறோம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பலூன் எங்கே விழும், அங்கே நான் போக முடியுமா?

இதற்கு இணையத்தில் இலவசக் கணிப்புக் கருவி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விண்பயண மாணவர்கள் உருவாக்கியது. இப்போது சோண்ட்ஹப் தளத்தில் கிடைக்கிறது. புறப்படும் இடம், நேரம், ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், இறங்கும் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், அமெரிக்க வானிலை சேவையின் ஜி.எஃப்.எஸ். முன்னறிவிப்பில் உள்ள மேல்காற்றுகளை வைத்து வரைபடத்தில் பாதை போட்டுக் காட்டும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் போட்டுப் பாருங்கள். புள்ளி நாளுக்கு நாள் நகரும். கடைசி இரண்டு நாட்களில் அது ஓரளவு நிலைத்துவிட்டால் காற்றை நம்பலாம். கடைசி நாளிலும் 50 கிலோமீட்டர் தாவிக்கொண்டிருந்தால் ஒத்திப்போடுங்கள். அனுமானித்த இடத்தைச் சுற்றி ஏரி, காடு, நகரம், ராணுவ இடம், விமான நிலையம் எதுவும் இருக்கக் கூடாது. வடகிழக்கில் மிச்சிகன் ஏரி இருப்பதால், தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களை நாங்கள் விட்டுவிடுகிறோம்.

எந்தப் பருவம் நல்லது?

இது காற்றைப் பொறுத்த விஷயம். இந்த அட்சரேகையில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஜனவரியில் இங்கே விட்ட பலூன் இந்தியானாவைக் கடந்து ஓஹாயோவுக்கே போய்விடக்கூடும். துரத்திப் போகும் கார் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

கோடையில் ஜெட் தளர்ந்துவிடும். இன்னொன்றும் நடக்கும்: சுமார் 20 கிலோமீட்டருக்கு மேலே காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே வீசத் தொடங்கும். ஆகவே கோடைப் பலூன் முதலில் கிழக்கே போய், மேலே ஏறியதும் மேற்கே திரும்பி, இறங்கும்போது மறுபடியும் கிழக்கே வரும். மொத்தத்தில் அதிகத் தூரம் போகாது. துரத்துவதற்கு இதைவிடச் சுலபமான காலம் இல்லை. குறை ஒன்றுதான்: ஆகஸ்டில் மக்காச்சோளம் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும். ஏப்ரல் பிற்பகுதி, அக்டோபர் அறுவடைக்குப் பிந்தைய நாட்கள், இவை இரண்டும் எனக்குப் பிடித்தவை.

அரசாங்க அனுமதி தேவையா?

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 101ஆம் பகுதி ஆளில்லாப் பலூன்களைப் பற்றியது. சிறிய சுமைகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஒரு பெட்டி 6 பவுண்டுக்கு (2.7 கிலோ) மேல் இருக்கக் கூடாது. பல பெட்டிகளானால் எல்லாம் சேர்ந்து 12 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஒரு பெட்டி 4 பவுண்டைத் தாண்டினால், அதன் எடையை அதன் மிகச் சிறிய பக்கத்தின் பரப்பால் வகுக்கும்போது சதுர அங்குலத்துக்கு 3 அவுன்சுக்குள் வர வேண்டும். சின்னதாகவும் கனமாகவும் இருக்கும் பொருள் மேலிருந்து விழக் கூடாது என்பதே இதன் நோக்கம். பெட்டி தொங்கும் கயிறு, 50 பவுண்டுக்கு மேல் தாக்குவிசை இல்லாமலே அறுந்துவிட வேண்டும். ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று மீன்பிடிக் கடையின் மிக உறுதியான கயிற்றை வாங்காதீர்கள். நாங்கள் முழுச் சுமையையும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடக்கிவிடுகிறோம்.

விலக்கு இருந்தாலும் சொல்லாமல் விடாதீர்கள். முதல் நாளே விமானிகளுக்கான அறிவிப்புச் சேவைக்கும், விடும் காலையில் அருகிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கும் தொலைபேசியில் இடம், நேரம், ஏறும் வேகம், போகும் திசை ஆகியவற்றைச் சொல்லுங்கள். நான் பேசிய கட்டுப்பாட்டாளர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். சிலர் ஆர்வத்தோடு மேற்கொண்டும் விசாரித்தார்கள்.

2023 பிப்ரவரியில் சீனாவின் பலூன் சுட்டு வீழ்த்தப்பட்டதை அடுத்த நாட்களில், அடையாளம் தெரியாத வேறு சில பொருள்களும் வீழ்த்தப்பட்டன. அதே நாட்களில் வட இல்லினாயைச் சேர்ந்த ஒரு பொழுதுபோக்குக் குழுவின் சின்னஞ்சிறு பலூன், அலாஸ்கா அருகே கடைசியாகத் தன் இருப்பிடத்தை ரேடியோவில் அனுப்பிவிட்டு மௌனமானது. வீழ்த்தப்பட்டவற்றில் ஒன்று அதுதானா என்பது உறுதியாகவில்லை. ஆனால் அதன்பின் இந்தப் பொழுதுபோக்கை அரசாங்கம் கவனிக்கத் தொடங்கிவிட்டது. 2024இன் விமானப் போக்குவரத்துச் சட்டம், உயரே பறக்கும் பலூன்கள் தம் இருப்பிடத்தை அறிவிப்பது பற்றியும் பேசுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் நடப்பு விதியைப் படித்துவிட்டே விடுங்கள்.

பழைய செல்போனை உள்ளே வைத்துவிட்டால் இடத்தைக் காட்டிவிடாதா?

வேண்டாம். வானில் இருக்கும் பலூனில் செல்லுலார் போன் இயங்கக் கூடாது என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி பலூனைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. அங்கிருந்து ஒரே நேரத்தில் பல கோபுரங்களுக்கு அதன் அலை எட்டி இடையூறு செய்யும். சட்டத்தை விட்டாலும், கோபுரங்களின் ஆன்டெனாக்கள் தரையை நோக்கி இருப்பவை; சில கிலோமீட்டர் உயரத்திலேயே போன் தொடர்பை இழக்கும். வயல் நடுவே விழும் இடத்திலும் சிக்னல் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அப்படியானால் ஹாம் ரேடியோ உரிமம் கட்டாயமா? நான் விசாவில் இருக்கிறேனே?

ஹாம் என்பது பொழுதுபோக்காக ரேடியோ அலைகளில் தொடர்புகொள்வது. அடுத்த கேள்வியில் நான் சொல்லும் முறைக்கு அதன் உரிமம் கட்டாயம். உரிமம் உள்ள ஒருவர் குழுவில் இருந்து பொறுப்பேற்றால் போதும். ஆனாலும் நீங்களே எழுதிவிடுங்கள். டெக்னீஷியன் என்னும் முதல்நிலைத் தேர்வில் 35 கேள்விகள்; 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை.

இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை: அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாதவரை, அமெரிக்காவில் ஓர் அஞ்சல் முகவரி இருந்தால், மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருப்பவர்கள் எழுதலாம். வயது வரம்பும் இல்லை. எங்கள் குழுவில் ஒரு பதினோரு வயதுச் சிறுவன் அவன் அப்பாவுக்கு முன்பே தேர்ச்சி பெற்றான்.

ஏ.பி.ஆர்.எஸ். என்றால் என்ன? அது எப்படிப் பலூனைக் காட்டிக்கொடுக்கிறது?

இருப்பிடம் போன்ற தகவல்களை ரேடியோ வழியாகத் தானாக அறிவிக்கும் முறை இது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடத்தில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கியது. அவர் 2022இல் மறைந்தார். பெட்டிக்குள் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி தன் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுக்கும். அது அவற்றை, உரிமத்தோடு உங்களுக்குக் கிடைக்கும் அழைப்புக் குறியோடு சேர்த்து, ஒரு விநாடி அளவுள்ள கரகரப்பான ஒலியாக மாற்றி, வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். ஐரோப்பாவில் இதற்கு 144.800 மெகாஹெர்ட்ஸ். இதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களின் நிலையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அவற்றில் சில, கேட்டதைத் திருப்பி ஒலிபரப்பும். சில, இணையத்தில் ஏற்றிவிடும். சில விநாடிகளில் உங்கள் பலூன் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அழைப்புக் குறிக்குப் பின்னால் 11 என்ற எண்ணைச் சேர்ப்பது பலூன் என்பதற்கு அடையாளம்.

சக்தி மிகக் குறைவாக இருந்தாலே போதும். 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எங்கள் பலூனுக்குச் சிகாகோ, செயின்ட் லூயிஸ், இண்டியானாபொலிஸ், டெட்ராய்ட், நாஷ்வில் எல்லாமே நேர்ப்பார்வையில் உள்ளவை. இடையில் மலையோ கட்டடமோ மறைப்பதற்கு இல்லை. அரை வாட்டுக்கும் குறைந்த சக்தியில் அனுப்பிய குறிப்பை மூன்று மாநிலங்களுக்கு அப்பால் ஒருவர் தன் வீட்டு ஆன்டெனாவில் பிடித்திருந்தார்.

இந்த வசதியில்தான் ஒரு பொறுப்பும் வருகிறது. தரையில் ஓடும் காரில் இருப்பவர்கள் "வைட்1-1, வைட்2-1" என்று தங்கள் குறிப்பில் சேர்த்துவிடுவார்கள். 'கேட்டவர்கள் திருப்பிச் சொல்லுங்கள், அதைக் கேட்டவர்களும் சொல்லுங்கள்' என்று அதற்குப் பொருள். பலூனிலும் அதையே போட்டால், ஐந்தாறு மாநிலங்களின் நிலையங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திருப்பிச் சொல்லி, அந்த அலைவரிசையையே அடைத்துவிடும். ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலே போனதும் எந்தக் கோரிக்கையும் இல்லாமல் அனுப்பும்படி கருவியை அமையுங்கள். கீழே வந்ததும் கோரிக்கை தானாகச் சேரட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால் போதும். இறங்கும்போது மட்டும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புவது உதவும்.

ஆன்டெனாவுக்குப் பெட்டியிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் இரண்டு துண்டுக் கம்பிகள், ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, போதுமானவை.

ஜி.பி.எஸ். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உயர வரம்பை. இதை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஜி.பி.எஸ். கருவிகள் ஏவுகணையில் பயன்படக் கூடாது என்பதற்கான பழைய கட்டுப்பாட்டின்படி 18 கிலோமீட்டருக்கு மேல் இடம் சொல்லாது. நல்ல கருவிகள் 50 கிலோமீட்டர் வரை சொல்லும்; ஆனால் அவற்றிலும் 'வானில் பறப்பது' என்ற நிலையை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் யூ-பிளாக்ஸ் வகையில், தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண நிலையில் 12 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

எங்கள் முதல் பலூன் ஓர் ஆகஸ்ட் காலையில் புறப்பட்டது. நாற்பதாவது நிமிடத்தில், 12 கிலோமீட்டரில், வரைபடத்துப் புள்ளி அசையாமல் நின்றது. கருவி பழைய இடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் போட்ட கணிப்பு, பலூன் மேலே போய் மேற்கே திரும்பும் என்று காட்டியிருந்தது. நாங்கள் கணிப்பை நம்பாமல், கடைசியாகப் பார்த்த திசையை நம்பிக் கிழக்கே காரை விரட்டினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, இறங்கும் வழியில் 12 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் புள்ளி உயிர்பெற்றது. நாங்கள் அதற்கு 40 கிலோமீட்டர் கிழக்கே இருந்தோம். 2 கிலோமீட்டர் உயரத்தில் வந்ததுதான் கடைசிக் குறிப்பு. மூன்று நாள் சோளக்கொல்லைகளில் தேடியும் கிடைக்கவில்லை. கதையின் மீதியைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு கருவி போதுமா?

போதாது. இரண்டு வேண்டும், இரண்டுக்கும் பேட்டரியும் ஆன்டெனாவும் தனித்தனியாக. ஒன்று ஏ.பி.ஆர்.எஸ்., இன்னொன்று வேறு முறையில் இருந்தால் நல்லது. வானிலை நிலையங்கள் பலூனில் கட்டி விடும் அளவுக் கருவிக்கு ரேடியோசோண்ட் என்று பெயர். வைசாலா நிறுவனத்தின் ஆர்.எஸ்.41 ரேடியோசோண்ட் வயல்களில் கிடைத்தால், அதற்கு மாற்று மென்பொருள் ஏற்றி ஹாம் அலைவரிசையில் இயங்க வைக்கலாம். பறப்பதற்கென்றே செய்த கருவி. இரண்டே பேட்டரியில் ஓடும். எடை நூறு கிராம் அளவுதான். அதில் ஹோரஸ் பைனரி என்னும் முறையில் அனுப்பினால், சோண்ட்ஹப் வரைபடத்தில் பலூன் தெரியும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகர ஹாம் குழு வளர்த்தெடுத்த முறை இது. மிக மெலிந்த சிக்னலையும் படித்துவிடும். செயற்கைக்கோள் வழியாக இடம் சொல்லும் கருவியைச் சிலர் சேர்க்கிறார்கள். பெட்டி தலைகீழாக விழுந்தால் அது வானத்தைப் பார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு வாயு நிரப்ப வேண்டும்?

எங்கள் கணக்கையே சொல்கிறேன். பலூன் 1,200 கிராம். பாராசூட், கயிறு, பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 1,500 கிராம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏற இன்னும் ஒரு கிலோ மிகைத் தூக்குவிசை வேண்டும். மொத்தம் 3.7 கிலோ. ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். ஆகவே 3.6 அல்லது 3.7 கன மீட்டர். பெரிய வாடகை சிலிண்டர் ஒன்றில் இதைவிட அதிகமாகவே இருக்கும். பிறந்தநாள் பலூனுக்கு விற்கும் சின்ன சிலிண்டர்களை வாங்காதீர்கள். அவற்றில் காற்று கலந்திருக்கிறது, அளவும் போதாது.

நிரப்பும்போது இதை அளக்க ஒரு தண்ணீர்ப் பாட்டில் போதும். பலூனின் சொந்த எடையை அது தானே தூக்கிக்கொள்கிறது; மீதி 1.5 கிலோவும் 1 கிலோவும் சேர்ந்து 2.5 கிலோ. நிரப்பும் குழாயையும் சேர்த்து 2.5 கிலோ வரும்படி தண்ணீர் ஊற்றிப் பலூனின் கழுத்தில் கட்டுங்கள். பாட்டில் தரையிலிருந்து மெல்ல எழும் கணத்தில் வாயுவை நிறுத்துங்கள். கொஞ்சம் கூடட்டும் என்று அதிகம் நிரப்பினால் வேகமாக ஏறி, தாழ்வான உயரத்திலேயே வெடித்துவிடும். குறைத்தால் இன்னும் மோசம்: மெதுவாக ஏறி, வெடிக்காமலே மிதந்து, பல நூறு கிலோமீட்டர் போய்விடக்கூடும். இந்தக் கணக்கில் வெடிக்கும் உயரம் சுமார் 32 கிலோமீட்டர்.

ஹைட்ரஜன் மலிவு, தூக்குவிசையும் சற்று அதிகம். ஆனால் எளிதில் தீப்பற்றும். பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

பெட்டிக்குள் குளிர் தாங்குமா?

வழியில் வெளியே மைனஸ் 60 டிகிரி வரை போகும். இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாகோல் சுவரும், உள்ளே இருக்கும் கருவிகளின் சொந்தச் சூடும் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் படுத்துவிடும். மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் லித்தியம் ஏஏ பேட்டரிகளை, புதிதாக, ஒவ்வொரு முறையும் போடுங்கள். முழுப் பெட்டியையும் இயங்கும் நிலையில் வீட்டு ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

பாராசூட்?

ஒன்றரைக் கிலோவுக்கு 1.2 மீட்டர் குறுக்களவு. தரையைத் தொடும் வேகம் விநாடிக்கு 5 முதல் 6 மீட்டர் இருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் வாங்குங்கள்.

விடும் காலையில் என்னென்ன நடக்கும்?

விடியற்காலையில் தரைக்காற்று அடங்கியிருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் நாங்கள் நிரப்பத் தொடங்குவதே இல்லை. பாதி நிரம்பிய பலூன் காற்றில் அடிபட்டுத் தரையில் உரசினால் அதோடு முடிந்தது. கீழே மெத்தையான துணி விரித்து, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, இருவர் பலூனைத் தாங்க, ஒருவர் சிலிண்டரைப் பார்த்துக்கொள்வார். நிரப்பக் கால் மணி நேரம் ஆகும். கழுத்தை மடித்து, பிளாஸ்டிக் பட்டியால் இரு இடங்களில் இறுக்கி, மேலே டேப் சுற்றுகிறோம்.

நிரப்புவதற்கு *முன்பே* இரண்டு கருவிகளும் வரைபடத்தில் தெரிகின்றனவா, உயரம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேமராவை இயக்க மறந்து பலூனை விட்டவர்கள் உண்டு. ஆகவே ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, மற்றவர் கையால் தொட்டுக்காட்டிப் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலையை நாங்கள் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் ஒரு வரியையும் தாண்டிப்போக விடுவதில்லை.

இறங்கியபின் எப்படிக் கண்டுபிடிப்பது?

வானில் 600 கிலோமீட்டர் எட்டிய அதே ரேடியோ, தரையில் விழுந்து பயிருக்குள் கிடக்கும்போது ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். ஊர் நிலையங்கள் அதைக் கேட்காது. கடைசி ஆயிரம் மீட்டரைக் கேட்கப்போவது உங்கள் காரில் உள்ள ரிசீவர் மட்டுமே. எனவே பலூன் வெடிக்கும் முன்பே, கணிப்பு காட்டும் இடத்துக்கு அருகில் போய்க் காத்திருங்கள். காரில் இருவர் வேண்டும். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது.

கடைசிக் குறிப்பு 900 மீட்டர் உயரத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 6 மீட்டர் இறங்கினால் தரையைத் தொட 150 விநாடிகள் ஆகும். காற்று விநாடிக்கு 8 மீட்டர் என்றால், காற்று வீசும் திசையில் 1,200 மீட்டர் தள்ளித் தேட வேண்டும். அங்கே போனதும், நீட்டிய திசையிலிருந்து வரும் அலையை நன்றாகப் பிடிக்கும் யாகி என்னும் கை ஆன்டெனாவைச் சுழற்றி, சிக்னல் வலுக்கும் பக்கம் நடங்கள். யாகி இல்லையென்றால் சிறிய ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். உங்கள் உடலே அலையை மறைக்கும், சிக்னல் மிகவும் மெலியும்போது பெட்டி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது.

பெட்டி தெரிந்தவுடன் வேலி தாண்டாதீர்கள். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மின்கம்பியில் தொங்கினால் மின் நிறுவனத்தை அழையுங்கள்; கழி கொண்டு தட்டவே கூடாது. கிழிந்த லேடெக்ஸையும் கயிற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள், மாடு தின்றுவிடும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

அமெரிக்காவின் எடை விலக்கு அங்கே செல்லாது. விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறாமல் விடாதீர்கள். ரேடியோவுக்கு, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் ஹாம் உரிமம் வேண்டும். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்கள், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வான்பகுதிகள் பல. தனி ஆளாக முயல்வதைவிடக் கல்லூரி வழியாக விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

காற்றும் அங்கே வேறு. தென்மேற்குப் பருவக்காலத்தில் கீழே மேற்குக் காற்று வீசும்போது, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் கண்டு விளக்கியது அது. அதன் வலுவான பகுதி ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே அமைகிறது. சென்னையிலும் காரைக்காலிலும் வானிலைத் துறையின் மேல்காற்று நிலையங்கள் இருக்கின்றன. ஜூலையில் அவற்றின் காற்று அளவுகளை எடுத்துப் பாருங்கள். இங்கே ஜெட் காட்டும் திசைக்கு நேர் எதிராக இருக்கும்.

முதல் பலூனுக்கு முன் ஏதாவது பயிற்சி உண்டா?

உண்டு, எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இல்லினாயின் லிங்கன் ஊரில் அமெரிக்க வானிலை சேவையின் மேல்காற்று நிலையம் இருக்கிறது. உலகத்தின் பல நிலையங்களைப் போலவே, அதுவும் உலக நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் உரிய அளவுகளுக்காகப் பலூன் விடுகிறது. சோண்ட்ஹப் வரைபடத்தில் பாதையைப் பார்த்துக்கொண்டே, மலிவான யூ.எஸ்.பி. ரிசீவரும் மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு, காலைப் பலூனைத் துரத்திப் போங்கள். கணிப்பு எவ்வளவு பிசகுகிறது, கிராமச் சாலை எங்கே முடிகிறது, சிக்னல் எந்த உயரத்தில் அறுகிறது என்பதெல்லாம் ஒரு டாலர் ஹீலியமும் செலவழிக்காமல் தெரிந்துவிடும். நான் இதை முதலில் செய்திருந்தால் அந்த ஆகஸ்ட் காலையில் கிழக்கே போயிருக்க மாட்டேன்.

தேடியும் கிடைக்காவிட்டால்?

பெட்டியின் ஆறு பக்கமும் நனையாத தாளில் உங்கள் பெயர், தொலைபேசி எண், "ஆபத்தில்லாத அறிவியல் கருவி, கண்டெடுத்தால் அழைக்கவும்" என்ற வரி, இவற்றை ஒட்டியிருங்கள். எங்கள் முதல் பெட்டியில் ஒரே ஒரு பக்கத்தில்தான் ஒட்டியிருந்தோம். அந்தப் பக்கம் மேலே பார்த்தபடி கிடந்தது. அக்டோபரில் ஒரு மாலை, அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, ஆரஞ்சுத் துணியைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தி இறங்கியிருக்கிறார். நாங்கள் போனபோது பெட்டி அவர் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தது. தெர்மாகோலின் ஒரு மூலையை எலி கொறித்திருந்தது. கேமராவின் நினைவக அட்டையைக் கணினியில் போட்டோம். அவரும் அவர் மனைவியும் எங்கள் பிள்ளைகளோடு நின்று, கறுத்த வானத்தின் கீழே தங்கள் நிலம் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.